கோட்டுக்குக் கீழே

நாற்பத்திரண்டாம் வாரம்.
ஐப்பசி மழை நின்று மூன்று நாள்.
செங்காட்டுப்பாளையம் துணை சுகாதார நிலையத்தில்
காய்ச்சல் இருபத்து மூன்று.

பின்னத்தில்
கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி,
கீழே இருப்பது பகுதி.
தொகுதியைக் கேட்டுக் கைகூப்பி வருவார்கள்
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.
பகுதியைக் கேட்டு
இதுவரை யாரும் வந்ததில்லை.

எனக்கு வந்து சேர்ந்த பகுதி 1,840.
பழைய கணக்கெடுப்பு.
அப்போது இங்கே சோளக்காடு,
பனியன் கம்பெனி இரண்டே இரண்டு.
அந்த எண்ணால் வகுத்தால்
ஆயிரத்துக்குப் பன்னிரண்டரை.
மாவட்ட வரைபடத்தில் எங்கள் ஊர் சிவந்துவிட்டது.
"எப்படிங்க இத்தன?" என்று போனில் கேட்டார்கள்.
எனக்கும் அதே சந்தேகம்தான்,
வேறு பக்கத்திலிருந்து.

வியாழன் பொழுதோட லைன் வீடுகளுக்குப் போனேன்.
கேட்டில் திருமூர்த்தியண்ணன்.
"எத்தன பேருங்ணா இருக்காங்க?"
"ரூமுக்கு நாலு பேருங் அம்மிணி,
வாடக அப்படித்தானுங்."
ரசீதில் நாலு.
வாசலில் செருப்பு பதினொரு ஜோடி.
உள்ளே பாய் ஐந்து.
பகல் ஷிப்டுக்கு எழுந்தவன் பாயில்
இரவு ஷிப்ட் முடித்தவன் படுக்கிறான்.
பாய்க்குச் சூடு ஆறுவதே இல்லை.

அதனால் இரண்டு வேளையும் போனேன்,
ஷிப்ட் மாறும் நேரம் பார்த்து.
எனக்கு ஒடியா தெரியாது. விரல் விட்டு எண்ணத் தெரியும்.
நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.
"ஜர" என்றார்கள்.
சுரம்தான்.

ஐந்து நாள். எட்டு லைன். ஒரு லேடீஸ் ஹாஸ்டல்.
எந்த நோட்டிலும் இல்லாதவர்கள் 2,310.

பகுதி 4,150 ஆனது.
அதே இருபத்து மூன்றை மறுபடி வகுத்தேன்:
ஐந்தரை.
டாக்டர் சிரித்தார்.
"பாத்தீங்களா, பாதிக்கும் கீழ எறங்கீருச்சு.
இதையே அனுப்பீருங்க."

ஆனால் நான் நின்றவர்களை மட்டுமா எண்ணினேன்?
படுத்திருந்தவர்களும் வந்துவிட்டார்கள்.
மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி
வெறும் வயிற்றில் விழுங்கி
மெஷினுக்குத் திரும்பியவர்கள்,
லீவு போட்டால் கூலி போகும் என்று
போர்வைக்குள் நடுங்கியவர்கள்,
அறுபத்தோரு பேர்.
எங்கள் ஓ.பி. சீட்டு ஒன்றில்கூட
அவர்கள் பெயர் இல்லை.
எண்பத்து நான்கு.
ஆயிரத்துக்கு இருபது.
ஆள் கணக்கில் ஏறினால்
சீக்கும் கூடவே ஏறும்போல.

அறைக்கு இரண்டு நீல டிரம்.
குழாயில் தண்ணீர் பதினொரு நாளைக்கு ஒருக்கா.
டார்ச் அடித்தால்
நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும் புழுக்கள்.
மூடியில்லாத டிரம்முக்குப் படிவத்தில் கட்டம் உண்டு.
பதினொரு நாளுக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்.

சஸ்மிதா பெஹரா. இருபத்திரண்டு. ஓவர்லாக்.
வியாழனன்று என் பேனாவைப் பிடுங்கி
தன் பெயரைத் தானே எழுதியவள்.
அவள் எழுத்து, வட்டம் வட்டமாக,
என் பதிவேட்டில் எனக்குப் படிக்கத் தெரியாத ஒரே வரி.
ஞாயிறு கோவைக்குக் கொண்டு போனார்கள்.
செவ்வாய் பெட்டியில் கஞ்சத்துக்குப் போனாள்.

நாங்கள் எழுதியது: இறப்பு, பூஜ்யம்.
கோவை எழுதியது: முகவரி, வெளி மாநிலம்.
அங்கே எந்தக் கட்டத்தில் இறக்கினார்கள்,
தெரியவில்லை.
யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

4,149 என்று திருத்த வேண்டும்.
முறை அதுதான்.
பென்சிலில்தான் எழுதியிருந்தேன்,
ரப்பரும் மேசையில் கிடந்தது.

நாற்பத்து மூன்றாம் வாரத்துக்கு
அவளையும் வைத்தே வகுத்தேன்.